மால போட்டா விட முடியுது, மத்த நாள்ல ஏன் முடியல? வயசான காலத்துல சிகரெட்ட விடுற வழி

2023 தைப்பூசத்துல பினாங்கு தண்ணிமலை முருகன் கோயில் படியில பாதியில உக்காந்துட்டேன். மொத்தம் 513 படி, இருபது வயசுலேர்ந்து வருஷா வருஷம் ஏறுறது, அந்த வருஷம் நெஞ்சுக்குள்ள யாரோ பூட்டு போட்ட மாதிரி காத்து உள்ளயும் போகல வெளியவும் வரல. என்னவிட பத்து வயசாவது மூத்த சீனத்தி ஒருத்தவங்க பால்குடத்தோட என்ன தாண்டிப் போறப்ப நின்னு "அங்கிள், ஓக்கே ஆ?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப 58.

வெக்கம் அது இல்ல. 48 நாள் விரதம், ஒரு சிகரெட்கூட தொடல. ஆனா மலையிலேர்ந்து இறங்கி மாலய கழட்டி ஒரு மணி நேரம்கூட ஆகல, காடி (கார்) நிறுத்துன எடத்துல நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே ஒண்ணு பத்த வச்சேன். அப்பதான் மண்டையில உறைச்சுது, 48 நாள் விட்டவன் 49வது நாள் எதுக்குடா பத்த வைக்கிறான்னு. உடம்பு கேக்கல, ஏன்னா நிக்கோடின் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, பழக்கம்தான் விரதம் எப்ப முடியும்னு தேதி பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

நம்மாளுங்கள்ல பாதிப்பேர் இந்தக் கேஸுதான். ஐயப்பனுக்கு மால போட்டா 41 நாள் விடுவாங்க, முருகனுக்கு 48 நாள், இறங்குன அன்னைக்கே பழையபடி. அதனால "எனக்கு மன உறுதி இல்ல"ன்னு சொல்றவங்ககிட்ட நான் ஒத்துக்கவே மாட்டேன். விரதத்துல எப்படி முடிஞ்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஊருக்கே தெரியும் நீங்க மால போட்டிருக்கீங்கன்னு, எவனும் நீட்ட மாட்டான். நீட்டுனாலும் "மால"ன்னு ஒரு வார்த்த போதும், விளக்கம் சொல்ல வேணாம். காலையில எந்திரிச்ச உடனே குளியல், அதனால அந்த முத சிகரெட்டோட நேரமே காணாம போயிடும். சாப்பாடு வேற, கூட்டாளிங்க வேற, ராத்திரி மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உக்காந்து பேச்சும் இல்ல. இதெல்லாம் சேந்துதான் உங்கள காப்பாத்துச்சு. இப்ப செய்ய வேண்டியது அதே ஏற்பாட்ட மறுபடி கட்டுறது, முடிவு தேதி மட்டும் இல்லாம. நான் அப்படித்தான் மார்ச்சுல விட்டேன், எப்படின்னு சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம், "இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப் போவுது, போற உசுரு போகட்டும்"னு ஒரு டயலாக் இருக்கே, நானும் பத்து வருஷம் அத சொன்னவன்தான். இங்கிலாந்துல ரிச்சர்ட் டால்னு ஒரு டாக்டர் 1951லேர்ந்து அந்த நாட்டு டாக்டர்மாருங்களயே ஆயிரக்கணக்குல அம்பது வருஷம் கவனிச்சு 2004ல கணக்கு சொன்னாங்க. 30 வயசுல விட்டவங்களுக்கு ஆயுசு சுமார் 10 வருஷம் கூடுது, 40ல விட்டா 9, 50ல விட்டா 6, 60ல விட்டாகூட 3 வருஷம். மூணு வருஷம்னா பேரன் ஒண்ணாம் வகுப்புல சேந்து நாலாம் வகுப்புக்குப் போற வரைக்கும், அத சும்மான்னு சொல்ல முடியுமா. இதயத்துக்கு இன்னும் சீக்கிரம், விட்ட ஒரு வருஷத்துல சிகரெட்டால வர்ற மாரடைப்பு ஆபத்து சுமார் பாதியா குறையுது. ஆனா பொய் சொல்ல மாட்டேன், கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வராது. எனக்கு ஊதுற டெஸ்ட் எடுத்து சிஓபிடின்னு (மூச்சுக் குழாய் சுருங்கிப் போற நாள்பட்ட நோய்) சொன்ன டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க, போனது போனதுதான், விட்டா இனிமே போறது மெதுவா போகும்னு. எனக்கு அது போதும்னு பட்டுச்சு.

சரி, வேலைக்கு வருவோம். தனியா பல்ல கடிச்சுக்கிட்டு விடாதீங்க. பக்கத்துல இருக்கற கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போயி சிகரெட்ட விடணும்னு சொல்லுங்க, அங்க அதுக்குன்னே தனி கிளினிக் நாள் வச்சிருப்பாங்க, எம்குவிட்னு அந்தத் திட்டத்துக்குப் பேரு, சில தனியார் ஃபார்மசியிலயும் உண்டு. நம்ம மலேசியாக்காரங்களுக்கு அரசாங்க கிளினிக்குல பதிவு 1 வெள்ளி (ரிங்கிட்). நான் இந்த வாசல் வரைக்கும் ரெண்டு தடவ போயி திரும்பி வந்திருக்கேன், திட்டுவாங்கன்னு பயம், இந்த வயசுல சின்னப் பொண்ணுகிட்ட பேச்சு வாங்கணுமான்னு ஒரு ரோசம். உள்ள போனா ஒருத்தரும் திட்டல. மிஸ்ஸி (நர்ஸ்) ஒரு சின்ன மிஷின்ல ஊதச் சொன்னாங்க, மூச்சுல கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்குன்னு நம்பர் காட்டும். பொய் சொல்ல முடியாத மிஷின் அது. "ஒரு நாளைக்கு நாலஞ்சுதான்"னு சொல்லிட்டு ஊதுனா மாட்டிக்குவீங்க (நான் மாட்டுனேன்). அப்புறம் கொஞ்சம் கேள்வி கேப்பாங்க, அதுல ரொம்ப முக்கியமான கேள்வி காலையில கண்ணு முழிச்சு எத்தன நிமிஷத்துல முத சிகரெட்டுன்னு. அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா அடிமைத்தனம் ஜாஸ்தி, மருந்தும் அதுக்குத் தகுந்த மாதிரி.

போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஒரு சின்ன வேல பாருங்க. பெட்டிக்குள்ள ஒரு துண்டுக் காகிதம் வச்சு, ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரமும் அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னும் எழுதுங்க. எனக்கு இருபதுல பதினாலு சும்மா கை பழக்கத்துல பத்த வச்சது, பாதியில அணைச்சது. மீதி ஆறுதான் உண்மையான எதிரி. காலையில கோப்பியோட ஒண்ணு, கக்கூஸுல ஒண்ணு, பசியாறுன உடனே ஒண்ணு, மத்தியானம் சோத்துக்கு அப்புறம் ஒண்ணு, சாயந்திரம் மாமாக்குல ஒண்ணு, படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இருபதையும் எதிர்க்க வேணாம், இந்த ஆறுக்கு மட்டும் ஆளுக்கொரு ஏற்பாடு பண்ணா போதும்.

இதுல கக்கூஸ் சிகரெட்டப் பத்தி யாரும் வெளிய பேச மாட்டாங்க, ஆனா எங்க வயசு ஆம்பளைங்க பாதிப்பேர் விடாம இருக்கறதுக்குக் காரணமே அதுதான். சிகரெட் இல்லாட்டி வயிறு போகாதுன்னு ஒரு பயம், அதுல உண்மையும் இருக்கு, நிக்கோடின் குடலைத் தூண்டுது, விட்ட முத ரெண்டு மூணு வாரம் மலச்சிக்கல் வரும். நான் பண்ணது, எந்திரிச்ச உடனே ரெண்டு கிளாஸ் சுடுதண்ணி, ராத்திரி பப்பாளி ஒரு தட்டு, காலையில கோப்பிக்கு முன்னாடி தாமானுக்குள்ள (வீடு இருக்கற குடியிருப்பு) இருபது நிமிஷ நடை. முத வாரம் கஷ்டம்தான், மூணாவது வாரம் வயிறு தானா பழகிடுச்சு. கிளினிக்குல சொன்னா மருந்தும் தருவாங்க, வெக்கப்படாதீங்க.

தேதி வைக்கிறது: ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு நாள். தீபாவளி வாரம் வேணாம், கல்யாணம் கச்சேரி இருக்கற வாரம் வேணாம், வீட்டுல சாவு நடந்து கருமாதி முடியாத நேரம் வேணவே வேணாம். மொத நாள் ராத்திரி வீடு பூரா தேடி எல்லாத்தையும் எடுத்துடுங்க, காடியில சீட்டுக்கு அடியில, கருவியெல்லாம் போட்டு வச்சிருக்கற பெட்டியில, பழைய சட்டப் பையில, எல்லாம். லைட்டரும்தான். "சாமி விளக்கு ஏத்த வேணும்"னு ஒரு லைட்டர நான் வச்சுக்கிட்டேன், பையில லைட்டர் இருந்தா கை தன்னால அங்க போகுது. சாமி மேடைக்கு தீப்பெட்டி வாங்கி வைங்க.

அப்புறம் ஊருக்குச் சொல்லுங்க, மால போட்டா எப்படி எல்லாருக்கும் தெரியுமோ அப்படி. வீட்டுல, அண்ணன் தம்பிங்ககிட்ட, மாமாக்குல ஒண்ணா உக்கார்றவங்ககிட்ட. "குறைச்சுக்கிட்டு வர்றேன்"னு சொல்லாதீங்க, குறைக்கிறவனுக்கு எவனும் ஒண்ணு நீட்டுவான். "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க, நிறுத்திட்டேன்"னு சொல்லுங்க. நம்ம ஆளுங்களுக்கு சாமிக்கு அடுத்தபடியா டாக்டர் பேருக்குத்தான் மரியாத.

மருந்து விஷயத்துல நிறையப் பேருக்கு தப்பான எண்ணம் இருக்கு, நிக்கோடின் பேட்ச் (தோலுல ஒட்டுற மருந்துப் பட்டை) ஒட்டுனா அது ஒரு போத மாத்தி இன்னொரு போததானேன்னு. உங்க நுரையீரல கெடுக்கறது தாரும் புகையும், நிக்கோடின் உங்கள கட்டிப்போடுற கயிறு, பேட்ச் அந்தக் கயித்த கொஞ்சம் கொஞ்சமா தளத்துது, அவ்வளவுதான். இருபது குடிக்கிறவங்களுக்கு பொதுவா பெரிய அளவுல ஆரம்பிச்சு சில வாரத்துக்கு ஒருதடவ சின்ன அளவுக்கு மாத்துவாங்க. முடி இல்லாத எடத்துல, மேல் கையிலயோ முதுகுலயோ ஒட்டுங்க, தினம் எடம் மாத்துங்க, இல்லாட்டி தோலு செவந்து அரிக்கும். நம்ம ஊரு வேர்வையில கழண்டு வரும், அதனால குளிச்சு நல்லா தொடச்சு விசிறிக்கு அடியில காய விட்டு ஒட்டி பத்து செகண்டு உள்ளங்கையால அமுக்கிப் பிடிங்க. ராத்திரி கண்ட கண்ட கனவு வந்தா படுக்கறப்ப எடுத்துடலாமான்னு கேட்டுக்குங்க.

பேட்ச்சோட சேத்து நிக்கோடின் சூயிங்கமும் வச்சுக்கிட்டா ஒண்ண மட்டும் வைக்கிறதவிட பலன் கூட. சூயிங்கம சும்மா பபிள்கம் மாதிரி மெல்லாதீங்க, தொண்ட எரிஞ்சு விக்கல் வந்து தூக்கிப் போட்டுடுவீங்க. மெதுவா மெல்லுங்க, மிளகு கடிச்ச மாதிரி காரம் வந்த உடனே கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சிடுங்க, காரம் அடங்குனா மறுபடி ரெண்டு மெல்லு, மறுபடி ஒதுக்கு, அரை மணி நேரம் அப்படியே. மெல்றதுக்கு முன்னாடி கால் மணி நேரம் கோப்பி, பழச்சாறு எதுவும் குடிக்கக்கூடாது, வாயில புளிப்பு இருந்தா மருந்து உள்ள இறங்காது. பல்செட் போட்டவங்களுக்கு இது ஒட்டிக்கிட்டு மானத்த வாங்கும், அவங்க வாயில கரையுற மிட்டாய் மாதிரி உள்ளத கேளுங்க. வேரெனிக்லின்னு மாத்திரையும் இருக்கு, விடுற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சு பொதுவா 12 வாரம், வயிறு பெரட்டும் அதனால சாப்புட்டு நிறைய தண்ணியோட போடணும், கிட்னி கோளாறு இருந்தா அளவு மாறும், அதெல்லாம் டாக்டர் முடிவு. சமீபத்துல மாரடைப்பு வந்தவங்க எதையும் கடையில தானா வாங்காம டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

இப்ப நான் ரொம்ப லேட்டா தெரிஞ்சுக்கிட்ட விஷயம், இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வாரம் பைத்தியம் பிடிக்காம இருந்திருப்பேன். கோப்பி! சிகரெட் புகையில இருக்கற தார் சமாச்சாரம் கல்லீரல தட்டி எழுப்பி சில பொருள வேகமா கரைக்க வைக்குது, அதுல காஃபினும் ஒண்ணு. அதனாலதான் சிகரெட் குடிக்கிறவன் நாலு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடிச்சுட்டும் குறட்ட விட்டுத் தூங்குறான். சிகரெட்ட விட்டா சில நாள்ல கல்லீரல் பழைய வேகத்துக்கு இறங்கிடும், அதே நாலு கோப்பி உடம்புக்குள்ள சுமார் ரெண்டு மடங்கா நிக்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராது, யாரப் பாத்தாலும் எரிச்சல். நான் இதெல்லாம் சிகரெட் இல்லாததால வர்ற கஷ்டம்னு நினைச்சு, அத தாங்க இன்னொரு கோப்பி போடச் சொல்வேன்! வீட்டுக்காரம்மா ஒரு வாரம் என்கிட்ட பேசவே இல்ல. பேட்ச் ஒட்டுனாலும் இது நடக்கும், ஏன்னா இது நிக்கோடின் வேல இல்ல, புகையோட வேல. அதனால விடுற தேதியிலேர்ந்து கோப்பியும் தே தாரிக்கும் (ஆத்துன பால் டீ) பாதியா குறைங்க, நாலுன்னா ரெண்டு, அதுவும் மத்தியானத்துக்குள்ள.

கோப்பியோட நிக்கல இது, மருந்துக்கும் உண்டு. மூச்சுக்கு தியோஃபிலின் மாத்திர போடுறவங்க, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்க, மனநலத்துக்கு க்ளோசபின், ஒலான்சபின் எடுக்கறவங்க, இவங்க விடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், அளவு குறைக்க வேண்டி வரலாம். இனிப்பு நீர் உள்ளவங்களும்தான், அதுலயும் இன்சுலின் ஊசி போடுறவங்க, சீனி அளவு முன்ன மாதிரி இருக்காது, முத சில வாரம் அடிக்கடி குத்திப் பாருங்க. அரசாங்க கிளினிக்குல மருந்து வாங்கிட்டு தனியார் ஃபார்மசியில பேட்ச் வாங்குறவங்க ரெண்டு பக்கமும் ரெண்டையும் சொல்லுங்க, ஏன்னா ஒருத்தர் கொடுக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது.

முத மூணு நாள்தான் மலை. ரெண்டாவது மூணாவது நாள் உச்சம், அப்புறம் இறங்கும், பெரும்பாலான தொல்ல ரெண்டு வாரத்துலேர்ந்து நாலு வாரத்துக்குள்ள அடங்கிடும். ஆச வர்றது அலை மாதிரி, வந்தா அஞ்சு நிமிஷம் நிக்கும், அதுக்கு மேல நிக்காது, நீங்க குடிச்சாலும் போகும் குடிக்காட்டியும் போகும். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு கைக்கு வேல கொடுங்க. நான் கடல உரிச்சேன், புல்ல புடுங்குனேன், காடிய தினம் கழுவி பக்கத்து வீட்டுக்காரன் விக்கப் போறேனான்னு கேட்டான். ஏலக்காய், கிராம்பு ஒண்ணு வாயில ஒதுக்கி வைக்கலாம். வெத்தலைக்குப் போயிடாதீங்க, அதுவும் புகையில வச்ச வெத்தல, அது இங்க விட்டு அங்க மாட்டுறது, வாய்ப் புத்துநோய்க்கு நேர் வழி.

இருமல் கூடும், பயப்படாதீங்க. "குடிச்சப்ப நல்லாதானே இருந்தேன், விட்ட பிறகு இருமுதே"ன்னு சொல்லி திரும்ப ஆரம்பிச்சவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர். மூச்சுக் குழாயில சின்னச் சின்ன மயிர் மாதிரி இருக்கு, சளியத் தள்ளி விடுற வேல அதுக்கு, இத்தன வருஷம் புகையில மயங்கிக் கிடந்தது இப்ப எந்திரிச்சு வீடு கூட்டுது, அந்த குப்பதான் வெளிய வருது. சில வாரம் இருக்கும். ஆனா சளியில ரத்தம், எட குறையறது, நெஞ்சு வலி, இதெல்லாம் இருந்தா அது கூட்டுற கணக்கு இல்ல, உடனே டாக்டர்.

எட கூடும், நாலஞ்சு கிலோ பொதுவா. வாய்க்கு ருசி திரும்ப வருது, நாசி கண்டார் (சோறும் கறியும்) வாசம் தெருமுனையிலேயே இழுக்குது, என்ன பண்றது. முத மூணு மாசம் அதப் பத்தி கவலப்படாதீங்க, நடைய மட்டும் விடாதீங்க.

மாமாக் கடை 2019 ஜனவரிலேர்ந்து கொஞ்சம் நம்ம பக்கம் வந்துடுச்சு, மேசையில உக்காந்து குடிக்க முடியாது, கடையிலேர்ந்து மூணு மீட்டர் தள்ளி நிக்கணும். அதனால இப்ப நம்ம செட்டுல ஒவ்வொருத்தனா எந்திரிச்சு ரோட்டோரம் போவான். அவங்களோட எந்திரிக்காதீங்க, பேச்சு சுவாரசியமா போகுதேன்னு ஒரு எட்டு கூட வைக்காதீங்க. உண்மையில கஷ்டமான எடம் மாமாக் இல்ல, சாவு வீடு. வெளிய கூடாரத்துக்கு அடியில பிளாஸ்டிக் நாற்காலி, ராத்திரி முழுக்க முழிக்கணும், எல்லா ஆம்பளைங்க கையிலயும் புகையும், யாரோ ஒருத்தர் ஆறுதலுக்குன்னு பெட்டிய நீட்டுவாரு, வேணாங்கறது மரியாத இல்லாத மாதிரி இருக்கும். நான் அங்க போனா நேரா கோப்பி கலக்குற எடத்துல போயி வேல எடுத்துக்குவேன், கையில ட்ரே இருந்தா எவனும் சிகரெட் நீட்ட முடியாது. பீர் இன்னொரு ஆபத்து, முத ரெண்டு மாசம் அதையும் ஒதுக்கி வைங்க, ரெண்டாவது கிளாஸுல எல்லா சத்தியமும் கரைஞ்சிடும்.

பணத்தப் பத்தி ஒரு வரி. நான் விட்டப்ப பெட்டி 17 வெள்ளி 40 காசு, மாசத்துக்கு 522 வெள்ளி. வரி கட்டாத மலிவுப் பெட்டிக்கு மாறி மிச்சம் பிடிக்கிறவங்களும் இருக்காங்க, மிச்சம் ஆகறது காசு மட்டும்தான். அந்தக் காச அன்னன்னைக்கு ஒரு மைலோ டின்னுல போட்டேன், ஈபிஎஃப்ல (சேமநிதி) இருந்தா கண்ணுக்குத் தெரியாது, டின்னு கனக்கறது கைக்குத் தெரியும்.

வேப் பரவாயில்லையான்னு பையன் வயசுக்காரங்க கேப்பாங்க. எங்க வயசுல நான் பாத்தது, அத வாங்குனவங்க வீட்டுக்குள்ள வேப், வெளிய சிகரெட், ரெண்டும் ஓடுது. கிளினிக்குல கொடுக்கற மருந்து இருக்கறப்ப அது எதுக்கு.

கடைசியா, வழுக்கி விழறது. நான் ஏழாவது வாரம் விழுந்தேன், மச்சான் வீட்டு கல்யாண விருந்துல, ஒண்ணு இல்ல மூணு. ராத்திரி முழுக்க "போச்சு, அவ்வளவுதான், இனிமே விடாட்டி என்ன"ன்னு புரண்டுக்கிட்டு இருந்தேன். விரதத்துல அப்படி ஆனா முறிஞ்சுதுன்னு அர்த்தம், மால போட்ட பழக்கத்துல அதே புத்திதான் வருது, இதுல மட்டும் அந்தப் புத்தி கூடாது. மூணு சிகரெட்டுன்னா மூணு சிகரெட்டுதான், ஏழு வாரம் அழிஞ்சு போகல. பேட்ச்ச கழட்டாதீங்க, மருந்த நிறுத்தாதீங்க, மிச்சப் பெட்டிய தண்ணியில நனைச்சுத் தூக்கிப் போடுங்க, அந்தக் காகிதத்துல எங்க, யாரோட, என்ன நேரம்னு எழுதுங்க, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காம போன் போடுங்க. நான் போயி தலைய தொங்கப் போட்டுக்கிட்டு சொன்னேன். மிஸ்ஸி ஒண்ணும் பேசல, புது குழாய மிஷின்ல மாட்டி நீட்டுனாங்க, "ஊதுங்க அங்கிள்."